பதினொன்றாம் எண் பாட்டில்

பார்சலைப் பிரிக்க அவள் கத்தரிக்கோலைத் தொட மாட்டாள். ஒட்டுநாடாவின் ஓரத்தை நகத்தால் நிமிண்டி, தூங்குகிற குழந்தையின் சட்டையைக் கழற்றுகிற மாதிரி மெல்ல உரிப்பாள். பெட்டியை எப்படிக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்பதும் மதிப்புரையில் சேர்த்தி. உள்ளே இருப்பது அரிசியளவு கையும் காலும் உள்ள பொம்மை. வழியில் ஒரு விரல் ஒடிந்தாலும், காத்திருந்து வாங்கினவருக்கு அன்றைய பொழுது போச்சு.

இந்த முறை பெட்டிக்குள் மூன்று பொருட்கள் இருந்தன. குடை பிடித்து நிற்கும் ஒரு தபால்காரர், சுண்டுவிரல் உயரம், சாம்பல் நிற ரெசினில் வார்த்தது. முனையில் நாலு முடிதான் இருக்குமோ என்று நினைக்க வைக்கும் ஒரு பிரஷ். அப்புறம், மூக்குக்கண்ணாடியில் மாட்டிக்கொள்ளும் ஓர் ஒற்றை லென்ஸ். மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்து, கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். இந்த முதல் பார்வைக்கு ஈடாக அவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

வீட்டில் அவள் அண்ணி, வேலை பார்க்கிற பள்ளியில் லேப் அம்மா, பத்திரிகையில் ஊசிக்கண். சின்னஞ்சிறு உருவங்களுக்கு வர்ணம் தீட்டுகிறவர்களுக்கென்று மாதம் ஒருமுறை வரும் பத்திரிகை அது. புதிதாக வரும் உருவங்கள், பெயிண்ட், பிரஷ், சாமான்கள் எல்லாவற்றையும் பார்த்து எழுதும் பகுதி ஒன்பது வருஷமாக அவள் கையில். ஆரம்பத்தில் பெயர் போடாமல்தான் எழுதினாள். ஒரு படைவீரனின் கோட்டில் ஆறாவது பொத்தான் வார்ப்பில் விட்டுப்போனதைக் கண்டுபிடித்து எழுதியபோது, யாரோ ஒரு வாசகர் 'இது கண்ணா, ஊசிக்கண்ணா' என்று கடிதம் போட்டார். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் இருபது வருஷமாகச் சோதனைக்குழாய் கழுவி, அமிலம் அளந்து ஊற்றிப் பழகிய கை. மதிப்புரைக்கும் அதே ஒழுங்குதான். ஒரு சொட்டு பெயிண்ட், ஒரு சொட்டுத் தண்ணீர். வெள்ளை அட்டையில் ஒரு கோடு. காய ஒரு நாள். பிறகு அதையே உருவத்தில் பூசி, முழுசாக முடித்த பிறகுதான் பேனாவை எடுப்பாள். பாதி தீட்டி எழுதுவது பாதி வெந்ததைப் பரிமாறுவது மாதிரி என்பாள்.

ஆய்வகத்தில் அவளை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. கூட்டத்தில் காணாமல் போவது ஒரு சௌகரியம்தான். ஆனால் எங்கோ முகம் தெரியாத நாலு பேர், 'ஊசிக்கண் என்ன சொல்லியிருக்காங்க பார்ப்போம்' என்று காத்திருந்து பக்கத்தைப் புரட்டுகிறார்கள் என்ற நினைப்பு, பையில் வைத்த சுடுதண்ணீர்ப் புட்டி மாதிரி, நடக்கும்போதெல்லாம் இடுப்பில் இதமாக இடித்துக்கொண்டே இருக்கும். அவளுக்கு வேண்டியது புகழ் இல்லை. தான் பார்த்தது சரி என்று நாலு பேர் நம்புவது. அது புகழைவிடப் பெரிய ஆசை என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

நாலு மாதம் முன்பு ஒரு பெயிண்ட் தொகுதி வந்திருந்தது. பன்னிரண்டு பாட்டில். அச்சகத்தில் முப்பது வருஷம் மை கலக்கிய ஒருவர், வேலையை விட்ட பிறகு மனைவியோடு சேர்ந்து வீட்டுப் பின்னறையில் தயாரித்தது. எல்லாரும் அவரை மை மாஸ்டர் என்றார்கள். பெட்டி கட்டியிருந்த விதத்துக்கே அவள் முழு மதிப்பெண் கொடுத்தாள். சிவப்பைப் புகழ்ந்தாள். வெள்ளையை 'இதமான வெள்ளை' என்று எழுதினாள். பத்தாம் எண்ணில்தான் நின்றாள்.

பத்து, கருப்பு. பதினொன்று, ஆழ்நீலம் என்று லேபிள். இரண்டையும் அட்டையில் அடுத்தடுத்து இழுத்தாள். இரண்டும் கருப்பு. காயவிட்டுப் பார்த்தாள். புது அட்டையில் இழுத்தாள். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். மூன்று முறையும் கருப்புதான். அப்போது அந்த வாக்கியம் வந்தது: 'பன்னிரண்டு என்றார்கள். எண்ணிப் பார்த்தேன். பாட்டில் பன்னிரண்டுதான், நிறம்தான் பதினொன்று.'

எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். நல்ல வாக்கியம் வந்தால் அவளுக்குத் தாகம் எடுக்கும்.

அந்த வரி பிய்த்துக்கொண்டு போனது. வர்ணம் தீட்டுகிறவர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் யாராவது கொஞ்சம் கயிறு திரித்தால், 'என்னப்பா, பதினொன்றாம் நம்பர் பாட்டிலா?' என்று கேட்கிற அளவுக்கு. அந்தத் தொகுதியை விற்ற ஒரே கடை அதை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டது. மை மாஸ்டரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கோபமில்லை, நாலே வரி. பத்தில் நீலம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது, பதினொன்றில் கருப்பு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது, தயவுசெய்து பகல் வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்க்கவும் என்று. பகலில்தான் பார்த்தேன், மூன்று முறை பார்த்தேன் என்று அவள் பதில் போட்டாள். அதற்குமேல் அங்கிருந்து பேச்சு இல்லை. உண்மை வாயை அடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டாள்.

தபால்காரரைத் தீட்ட இரண்டு வாரம் ஆனது. குடைத்துணியின் மடிப்பு, காலரில் ஒட்டிய ஈரம், பாதி மூடிய கண் எல்லாவற்றையும் அந்த நாலு முடி பிரஷ் சொன்னபடி கேட்டது. கோட்டுக்கு மை மாஸ்டரின் பத்தாம் எண்ணை எடுத்தாள். தோள்பையும் கருப்புதான் என்பதால் பதினொன்றை எடுத்தாள். இரண்டும் ஒன்றுதானே, வீணாகப் போவானேன் என்று.

மிச்சமிருந்தது லென்ஸ். சனிக்கிழமை மத்தியானம், ஜன்னல் வெளிச்சம் மேசைக்கு நேராக விழுந்த நேரத்தில், அதை மாட்டிப் பார்க்க உட்கார்ந்தாள். வலது பக்கத்தில் மாட்ட முடியவில்லை. கொக்கியை வளைத்திருந்த விதத்தில், அது கண்ணாடிச் சட்டத்தின் இடது பக்கத்தில்தான் உட்காரும்.

அவளுக்கு இடது கண் பிறவியிலேயே மந்தம். சின்ன வயசில் வீட்டில் அதற்குச் சோம்பேறிக் கண் என்றே பெயர். படிப்பது, ஊசி கோப்பது, வர்ணம் தீட்டுவது எல்லாம் வலது கண்ணின் பாடு. வேலை செய்யும்போது தலையில் மாட்டும் பழைய பூதக்கண்ணாடியில்கூட இடது பக்கத்தை அட்டை வைத்து மூடியிருந்தாள், அந்தக் கண் நடுவில் புகுந்து காரியத்தைக் கெடுக்காமல் இருக்க. 'இந்த லென்ஸைச் செய்தவருக்கு இருப்பதே இடது கண் ஒன்றுதான் போல' என்று ஒரு வரி அதற்குள் வந்து நின்றது. தாகம்கூட லேசாக எடுத்தது. ஆனாலும் ஒழுங்கு ஒழுங்குதான். மாட்டிப் பார்க்காமல் எழுதக் கூடாது. இடது பக்கத்தில் மாட்டினாள். வலது கண்ணை உள்ளங்கையால் மூடினாள். தபால்காரரைக் கையில் எடுத்தாள்.

தபால்காரரின் பை நீலமாக இருந்தது.

மழை பெய்து ஓய்ந்த பிறகு வானம் இருட்டத் தொடங்குமே, அந்த நீலம். கோட்டு கருப்பு. பை நீலம். இரண்டுக்கும் நடுவே தோள்வார் ஓடிய இடத்தில் கோடு கிழித்த மாதிரி வித்தியாசம்.

லென்ஸ்மேல் ஏதாவது நீலப் பூச்சு இருக்கும் என்று முதலில் நினைத்தாள். கழற்றிவிட்டு, வெறும் இடது கண்ணால் பார்த்தாள். உருவம் கலங்கியது, நிறம் கலங்கவில்லை. நீலம்தான். கையை மாற்றினாள். வலது கண்ணுக்குப் பை கூர்மையாக, மடிப்பு மடிப்பாக, தையல் உட்படத் தெரிந்தது. கருப்பாக. மறுபடி இடது, மறுபடி வலது. ஆய்வகத்துப் பிள்ளைகள் லிட்மஸ் தாளை அமிலத்திலும் காரத்திலும் மாற்றி மாற்றி முக்கி விளையாடுவது போல அவள் கை இரண்டு பக்கமும் போய்வந்தது.

இழுப்பறையிலிருந்து அந்தப் பழைய அட்டையை எடுத்தாள். இடது கண்ணுக்குப் பன்னிரண்டு கோடுகள், பன்னிரண்டு நிறம். தலையை நிமிர்த்தி எதிர்ச்சுவரைப் பார்த்தாள். போன வருஷம் அடித்த வெள்ளை. வலது கண்ணில் அது பழைய செய்தித்தாள் நிறத்தில் இருந்தது. ஒரே சுவர், ஆனால் இரண்டு வீடு. தான் இத்தனை நாள் எந்த வீட்டில் குடியிருந்தோம் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தாள். பயம் வரவில்லை. வந்தது வேறு ஒன்று. யாரோ கூப்பிட்டு, கூப்பிட்டு, நாம் காது கொடுக்காமல் இருந்துவிட்டது தெரிய வரும்போது முகத்தில் ஏறுகிற சூடு.

எழுந்து படுக்கையறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். ஏன் போனாள் என்று கேட்டால் அப்போது சொல்லியிருக்க மாட்டாள். கணவரின் காலுறைகள் ஜோடி ஜோடியாகச் சுருட்டி அடுக்கியிருந்தன. அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். வேலைக்குக் கருப்பு, வீட்டில் இருக்கும் நாளுக்குக் கருநீலம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழித்து, போன வருஷம்தான் திடீரென்று தன் காலுறைகளைத் தானே மடித்து வைக்கத் தொடங்கினார். இந்த வயசில் மனுஷனுக்கு ஞானம் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில்கூட அவள் பெருமை பேசியிருக்கிறாள். இப்போது வலது கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு ஜோடியாகப் பிரித்துப் பார்த்தாள். கருப்போடு கருப்பு, நீலத்தோடு நீலம். ஒன்றுகூட மாறவில்லை. அதற்கு முந்தின வருஷங்களில் அந்த மனுஷன் என்னென்ன ஜோடியில் ரயில் ஏறினாரோ.

தையல் பெட்டியையும் திறந்தாள். நாத்தனார் கொடுத்தனுப்பிய நூல்கண்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் சின்ன வெள்ளைத்தாள் ஒட்டி, 'கருப்பு', 'நீலம்' என்று எழுதியிருந்தது. கடைப் பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்திருந்தாள். சிவப்பு நூல்கண்டைத் திருப்பிப் பார்த்தாள். அதில் தாள் இல்லை. பச்சையிலும் இல்லை.

நாத்தனார், கணவரின் தங்கை, அதே தெருவில் நூலும் பொத்தானும் விற்கும் கடை வைத்திருப்பவள். வெள்ளை ஒன்றுக்கே பால், முத்து, சுண்ணாம்பு, பழைய பல் என்று பத்துப் பெயர் சொல்வாள். கடையைச் சாத்திவிட்டு நாலு மணிக்கு டீ குடிக்க இங்கே வருவது வழக்கம். அன்றும் வந்தாள். அண்ணி அந்த அட்டையையும் இரண்டு நூல்கண்டுகளையும் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்ததைப் பார்த்ததும் அவள் டம்ளரைத் தொடவில்லை.

"எத்தனை நாளாத் தெரியும்?" என்று அண்ணி கேட்டாள்.

"ஒரு வருஷம் இருக்கும். அண்ணன் சட்டைக்குப் பொத்தான் வச்சீங்களே, கருப்புக்கு நீல நூலு. அசதியில பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன். ரெண்டாம் தடவையும் அதே நூலு வந்ததும்தான் புரிஞ்சுது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

நாத்தனார் சொன்னதை அவள் பிறகு பல நாள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, கடைசியில் ஒரு நாள் சொல்லத்தான் வந்தாளாம். அன்றைக்குப் பார்த்து அண்ணி அந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டில் பன்னிரண்டு, நிறம் பதினொன்று என்று வாசித்துக் காட்டினாளாம். பக்கத்திலேயே அட்டை கிடந்ததாம், அதில் பளிச்சென்று நீலம்.

"உங்க முகத்தைப் பார்த்தேன் அண்ணி. அப்படி ஒரு சந்தோஷம். சொல்ல வாய் வரல. நல்லா எழுதியிருக்கீங்க, கத்தி மாதிரி இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். கத்தி யார் மேல விழுதுன்னு நான் யோசிக்கல."

ஆறிப்போன டீயை அண்ணி மறுபடி சுடவைத்து எடுத்துவந்தாள். பிறகு நாத்தனார், அண்ணன் மட்டும் பாவம், ஒரு காலில் கருப்பும் ஒரு காலில் நீலமுமாக மேலதிகாரி முன்னால் நின்ற கதை தெரியுமா என்று ஆரம்பித்தாள். அவள் சிரிக்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். முடியவில்லை. சிரித்து முடித்தபோது கண் நனைந்திருந்தது, இரண்டு கண்ணும்தான்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுக் கண் மருத்துவரிடம் போனாள். வலது கண்ணில் புரை. உள்லென்ஸ் மஞ்சளாகிப் பழுத்திருக்கிறது என்றார். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு நீலத்தைத் தேடியிருக்கிறீர்கள், எப்படிக் கிடைக்கும் என்று சிரித்தார். அறுவைக்கு அடுத்த மாதம் நாள் கொடுத்தார். எத்தனை காலமாக இப்படி என்று அவள் கேட்டதற்கு, ரெண்டு வருஷமாவது இருக்கும் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அவள் விரல் விட்டு எண்ணினாள். இருபத்து நாலு மாதம், இருபத்து நாலு இதழ்.

பத்திரிகை ஆசிரியைக்கு அன்று மாலையே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆசிரியை அவளைவிடப் பதினைந்து வயசு சின்னவள், கெட்டிக்காரி, எதற்கும் பதறாதவள். அட, கண் புரைதானே, எங்கள் மாமாவுக்கு அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள் என்று முதலில் தைரியம் சொன்னாள். பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"இதைப் போய் ஊருக்கெல்லாம் சொல்லணுமா அக்கா? 'புதுசா வந்த பாட்டில்ல அந்தக் குறை சரியாயிடுச்சு'ன்னு ரெண்டு வரி போட்டா முடிஞ்சுது. கடையில திரும்ப வச்சிடுவாங்க. அவங்க பொழப்பும் நடக்கும், உங்க பேரும் நிக்கும். பாம்பும் சாகணும், கம்பும் உடையக் கூடாது."

யோசிக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள். யோசிக்கவில்லை, எழுதினாள். ஏழு வரி. சரளமாக வந்தது. 'தவற்றைத் திருத்திக்கொள்ளும் தயாரிப்பாளர் அரியவர்' என்று ஒரு வரிகூட அதில் இருந்தது. படித்துப் பார்த்தாள். அழகாக இருந்தது. தாகம் மட்டும் எடுக்கவில்லை.

ஆனாலும் கிழித்துப்போட மனசு வரவில்லை. நாக்கு புரட்டுகிறவர்களை ஒன்பது வருஷமாக ஊசியால் குத்தியவள் தான் என்பது தெரிந்துதான் இருந்தது. அதற்கு எதிர்த்தட்டில் இருந்தது அந்தப் பெயர். அந்தப் பெயர் போனால் அந்த மேசை எதற்கு, பார்சல் எதற்கு, நகத்தால் நாடாவை உரிக்கிற அந்தப் பொழுது எதற்கு. லேப் அம்மா மட்டும் மிஞ்சுவாள். கடைசியில் தனக்குத்தானே ஒரு சமாதானம் செய்துகொண்டாள். மை மாஸ்டரையே கேட்டுவிடுவது. அவர் சரி என்றால் இந்த ஏழு வரி. யாருக்கும் நஷ்டமில்லை. அவர் சரி என்று சொல்லிவிட வேண்டும் என்று நம்பரைச் சுற்றும்போது வேண்டிக்கொண்டாள்.

எடுத்தது அவர் மனைவி. யார் பேசுவது என்று தெரிந்ததும் அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மாஸ்டர் இருக்கிறாரா, வேலையாக இருக்கிறாரா என்று கேட்டாள்.

"வேலை எங்கம்மா இருக்கு? அவர் கலக்கியே ரெண்டு மாசம் ஆச்சு. பாட்டில்ல இரும்புக்குண்டு போட்டுக் குலுக்குவாரு பாருங்க, அந்தச் சத்தமே இல்ல வீட்டுல. எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

கடை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டதாலா என்று அவள் கேட்டாள்.

"கடை கிடக்குதும்மா. மொதல்ல கோபமாத்தான் இருந்தாரு, உங்களுக்கு லெட்டர் போட்டாரு. நீங்க மூணு தடவை பார்த்தேன்னு எழுதினீங்க. அன்னையிலேருந்து அந்த ரெண்டு பாட்டிலையும் ஜன்னல்ல வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. ஊசிக்கண் அம்மா தப்பாப் பார்க்க மாட்டாங்க, எனக்குத்தான் கண்ணு போச்சுங்கிறாரு. டாக்டர்கிட்டயும் போனோம். ஒண்ணும் இல்ல, கண்ணு பளிங்கு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டாரு. டாக்டருக்கு மையைப் பத்தி என்ன தெரியும்கிறாரு. எனக்கும் நீலமாத்தான் தெரியுதுன்னு நான் சொன்னா, நீ என் பொண்டாட்டி, அப்படித்தான் சொல்லுவேங்கிறாரு."

மேசைமேல் அந்த ஏழு வரி கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். முப்பது வருஷம் மையோடு வாழ்ந்த ஒரு மனுஷர், தன் கண்ணை நம்பாமல் அவளுடைய வாக்கியத்தை நம்பியிருக்கிறார். நாலு பேர் நம்ப வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டாள். இதோ ஒருவர் முழுசாக நம்பிவிட்டார். புதுப் பாட்டிலில் குறை சரியாகிவிட்டது என்று இப்போது எழுதினால் அதையும் நம்புவார். தான் எதைத் திருத்தினோம் என்று தெரியாமலே அந்த ஜன்னலில் உட்கார்ந்திருப்பார்.

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னாள். காலடிச் சத்தம், மாடிப்படி, ஒரு இருமல். ஹலோ என்ற குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல. பதினொண்ணு நீலம்தான். என் கண்ணுல புரை. ரெண்டு வருஷமா இருந்திருக்கு, எனக்குத் தெரியல. நான் எழுதினது தப்பு."

அவர் திட்டினால் வாங்கிக்கொள்வது என்று அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அவரோ, ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரிடம் கேட்கிற மாதிரி, "வெள்ளை எப்படித் தெரியுது உங்களுக்கு?" என்று கேட்டார்.

பழைய செய்தித்தாள் மாதிரி என்றாள்.

"அப்ப என் வெள்ளையை இதமான வெள்ளைன்னு எழுதினீங்களே, அது?"

"அதுவும் தப்புதான். அது சுத்த வெள்ளை. பளீர்னு இருக்கு."

"அப்படியா," என்றார். "எனக்கு அந்த வரி பிடிச்சிருந்துது."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அடுத்த இதழில் எழுதுகிறேன் என்றாள். எழுதுங்க என்றார். அவ்வளவுதான்.

அந்த ஏழு வரியின் பின்பக்கத்திலேயே எழுதினாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், கை பழகிய வழியிலேயே போனது. ஒவ்வொரு மாதமும் எந்த அமைப்பில் எழுதுவாளோ அதே அமைப்பு. 'பார்த்த பொருள்: இந்தப் பகுதியை எழுதுபவரின் வலது கண். வயது: ஐம்பத்து மூன்று. நுணுக்கம்: நன்று. பொத்தான், தையல், இமைமயிர் வரை தெரிகிறது. நிறம்: நம்பத் தகுந்ததல்ல. நீலத்தை விழுங்கிவிடுகிறது. வெள்ளையைப் பழசாக்கிவிடுகிறது. குறை எப்போது தொடங்கியது என்பது சரியாகத் தெரியாது. இரண்டு வருஷமாக இந்தப் பகுதியில் நிறம் பற்றி வந்த எதையும் வாசகர்கள் நம்ப வேண்டாம். மை மாஸ்டர் தொகுதியில் பாட்டில் பன்னிரண்டு, நிறமும் பன்னிரண்டு. அதில் குறை என்று எழுதியது பெரிய தவறு. அதை நகைச்சுவையாக எழுதியது அதைவிடப் பெரிய தவறு.' அதற்குக் கீழே தபால்காரரையும் பிரஷையும் லென்ஸையும் பற்றி எழுதினாள். லென்ஸுக்கு முழு மதிப்பெண். இடது கண்ணுக்கு மட்டும் பொருந்துவது குறைதான், ஆனால் சிலருக்கு அதுவே தேவைப்படலாம் என்று ஒரு வரி.

கடைசியில் இன்னொரு வரி சேர்த்தாள். 'இந்த மாதம் நிறங்களைப் பார்த்துச் சொன்னவர்: நூல்கடைக்காரி.' இதைக் கேட்டதும் நாத்தனார், தனக்கும் ஒரு பட்டப்பெயர் வேண்டும், சும்மா நூல்கடைக்காரி என்றால் கடைக்கு விளம்பரம் கூட ஆகாது, தெருப் பெயராவது போடுங்கள் என்று சண்டை பிடித்தாள். ஆசிரியை ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, ஒரு எழுத்தும் மாற்றாமல் அச்சுக்கு அனுப்பினாள். கம்பு உடைந்துபோச்சு அக்கா என்று மட்டும் சொன்னாள்.

இதழ் வந்த வாரம் பதினான்கு கடிதங்கள் வந்தன. சில அன்பானவை. ஒருவர் தன் மேசை விளக்கின் கதையை எழுதியிருந்தார். மஞ்சள் பல்பின் கீழே ஆறு வருஷம் தீட்டியதை வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தபோது எல்லாப் படைவீரர்களுக்கும் காமாலை வந்திருந்ததாம். இன்னொருவர் ஒரே வரி எழுதியிருந்தார்: 'இரண்டு வருஷமாக உங்களை நம்பி நாங்கள் வாங்காமல் விட்டதற்கெல்லாம் யார் பொறுப்பு?' அந்தக் கடிதத்தை மட்டும் எடுத்து, அட்டைகள் வைக்கிற இழுப்பறையில், பன்னிரண்டு கோடு இழுத்த அட்டையோடு வைத்தாள்.

அறுவைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மை மாஸ்டரின் மனைவி போன் செய்தாள். நலம் விசாரித்தாள். சொட்டு மருந்தை விடாமல் போட வேண்டும், குனிந்து எதையும் தூக்கக் கூடாது என்று, தானே அறுவை செய்யப் போவது போல அறிவுரை சொன்னாள். பிறகு, இருங்க என்று சொல்லிவிட்டுப் போனை எங்கோ நீட்டிப் பிடித்தாள். தூரத்தில் கடகடகடவென்று ஒரு சத்தம். பாட்டிலுக்குள் இரும்புக்குண்டு உருளும் சத்தம். நின்றது, மறுபடி தொடங்கியது.

"காலையிலேருந்து இப்படித்தான்," என்றாள் அந்த அம்மா. "காது வலிக்குதுன்னு சொல்லவும் பயமா இருக்கு, திரும்ப நிறுத்திடுவாரோன்னு."

போனை வைத்துவிட்டு அவள் மேசைக்கு வந்தபோது அதன்மேல் காலுறைகள் குவியலாகக் கிடந்தன. கணவர் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார். இவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்ட பிறகு அவருடைய ஞானம் மெல்லக் கரைந்துவிட்டது. ஏங்க என்று குரல் கொடுத்தாள். உனக்குத்தான் கண் சரியாகப் போகுதே, இப்பவே பழகிக்க என்று உள்ளிருந்து பதில் வந்தது.

குவியலை ஒதுக்கித் தபால்காரருக்கு இடம் செய்தாள். பைக்குக் கருப்பு பூசித் திருத்திவிடலாம் என்றுதான் பிரஷை எடுத்து வைத்திருந்தாள். லென்ஸை இடது பக்கம் மாட்டிப் பார்த்தாள். நனைந்த குடையின் கீழே அந்த நீலம் நன்றாகத்தான் இருந்தது. பிரஷைக் கழுவி வைத்துவிட்டு, வலது கண்ணை மூடிக்கொண்டு, காலுறைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜோடி சேர்க்க ஆரம்பித்தாள்.